நிலக்ஷியின் விரதம்

ஜனவரி 9

மஃறூப் நானா இறக்கிய முட்டைத் தட்டில் நான்கு உடைசல். கோழியின் சார்பிலும் பஸ்ஸின் சார்பிலும் அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் முட்டை ரொட்டி விற்றே இந்த உடம்பைச் சேர்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் நல்லமுத்து ரொட்டி தட்டுவார், பேசமாட்டார். இரண்டு பேருக்கும் உள்ள பேச்சை நான் ஒருத்தியே பேசித் தீர்க்கிறேன். ஊரில் எனக்கு ரேடியோ அக்கா என்று பேர். என்ன, நிறுத்துகிற பித்தான் மட்டும் கிடையாது.

சாயங்காலம் தம்பி கஜேந்திரன் மகளோடு கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். நிலக்ஷிக்குப் பதினொரு வயது. அதற்குள் அம்மாவைவிட உயரம், குச்சிக் கை, குச்சிக் கால், போத்தல் அடி மாதிரி கண்ணாடி. கொக்கு என்று பேர் வைத்தது நான்தான். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் சிரிப்பாள்.

கண்ணுக்குள் வில்லை இடம் நகர்ந்திருக்கிறதாம். ஏன் என்று தேடிப்போய் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். கண் சின்ன விஷயம், ரத்தம்தான் பெரிய விஷயம் என்றார்களாம்.

தம்பி தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற ஃபாக்டரியில், மெஷின் பார்க்கிறவன். அவன் பாஷையில் சொன்னான்: "அக்கா, முட்டை, மீன், எறைச்சி, பால், பருப்புல மெத்தியோனின்னு ஒண்ணு இருக்காம். ஒடம்புக்குள்ள அது வேலை செஞ்சு முடிஞ்சதும் கழிவாயிருது. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, திருப்பி மேல ஏத்தி மறுபடி நல்ல சரக்காக்குறது. அதுக்கு ஃபோலிக், பி பன்னெண்டு வேணும். இன்னொண்ணு, கீழ தள்ளி வெளியேத்துறது. அதுக்கு பி ஆறு. நம்ம புள்ளைக்குக் கீழ்வழி மெஷின் பொறவியிலயே பழுது. கொழுந்து வந்துகிட்டே இருக்கு, ரோலர் ஓடல. குவிஞ்சு புழுங்குது."

"புழுங்கினா?"

"ரத்தம் கட்டுமாம். காலுல கட்டலாம், மூளையில கட்டலாம். ஆஸ்பத்திரியில வச்சுக் குடுத்த மாத்திரையில பாதி எறங்கியிருக்கு. மிச்சம் சாப்பாட்டுலதான் எறக்கணும். இல்லாட்டி புள்ள..."

முடிக்கவில்லை. கொக்கு பக்கத்தில் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 10

போன வருடம் முழுக்க, ஒல்லியாக இருக்கிறாளே என்று தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தவர்கள் அவளுடைய அப்பாவும் அம்மாவும்.

ஜனவரி 15

பொங்கல். பூரணி மகளுக்குத் தனியாகப் பாலில்லாமல் பொங்கினாள்.

பூரணி எனக்கு இரண்டு வழியில் சொந்தம். செத்துப்போன என் அக்காவின் மகள், என் தம்பியின் பெண்டாட்டி. தாய்மாமனுக்கே கட்டிவைத்தது நான். சொத்து வெளியே போகக்கூடாது என்று ஊரெல்லாம் சொன்னேன். சொத்து என்னவென்றால், ஒரு லயக் காம்பரா, ஒழுகுகிற தகரம் ஒன்பது, பாட்டு வராத ஒரு டேப். அதைக் காப்பாற்றிவிட்டோம்.

டாக்டர் அதைத்தான் கேட்டாராம். சொந்தத்தில் கட்டினீர்களா? அப்பா அம்மாவில் ஒரு பக்கம் மட்டும் பழுது வந்தால் ஒன்றும் ஆகாது, பாதி மெஷின் ஓடும். இரண்டு பக்கமும் அதே பழுது வந்தால்தான் பிள்ளை மாட்டும்.

பூரணி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வெளிய கட்டிக் குடுத்திருந்தா, மாமியார்கிட்ட அடி வாங்கிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன் சின்னம்மா."

நன்றாகத்தான் சொல்கிறாள். என் அக்கா மகளல்லவா, வாய் எங்கே போகும்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். கழிவைத் திருப்பி மேலே ஏற்றும்போது மெத்தில் என்று ஒரு முத்திரை கிடைக்குமாம். உடம்பு அதை எடுத்துப்போய் அங்கங்கே குத்துமாம். எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியுமாம். காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆளை மலைக்கு அனுப்புவது மாதிரி. நமக்குள்ளே இத்தனை கங்காணி இருந்தும் எனக்கு ஏன் வேலை ஓடவில்லை என்று கேட்டேன். தம்பி சிரிக்கவில்லை.

ஜனவரி 21

இன்றைக்கு நான் செய்த வேலைக்கு எனக்கே மாலை போட்டுக்கொள்ளலாம்.

லிந்துலையிலிருந்து என் மகள் சுலக்ஷனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கிஷாந்த், பேங்கில் வேலை. பேசினால் வட்டிவீதம் சொல்கிற முகம். அவனுடைய அம்மா பெரிய பக்தை, நெற்றியில் திருநீறு, குங்குமம், சந்தனம் மூன்றும் இடத்துக்குச் சண்டை போடுகின்றன. என் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள், சிந்தவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கொக்கு பூசணிக்காயும் சோறுமாக ஒரு மூலையில். சம்பந்தியம்மாவின் கண் அங்கே போய்விட்டது.

"ஏங்க, அந்தப் புள்ளைக்கு வடை குடுக்கலையா? முட்டையும் வேணாங்குது. ஏதாச்சும் சீக்கா?"

பூரணி வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. ரத்தம், பரம்பரை, சொந்தத்தில் கட்டினது. அந்த மூன்று சொல்லும் வந்தால் வட்டிவீதம் எழுந்து பஸ் ஏறிவிடும்.

"வேண்டுதலுங்க," என்றேன். "ஆத்தாளுக்கு வெரதம். கண்ணு சரியானா பங்குனியில பால்குடம் எடுக்குறதா புள்ளையே நேந்துக்கிச்சு."

அந்த அம்மா எழுந்து போய்க் கொக்கின் தலையைத் தொட்டு, கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்த வயசுல! என்னா குடும்பம்ங்க இது!"

அவர்கள் போனபின் பூரணி கேட்டாள்: "ஏன் சின்னம்மா பொய் சொன்னீங்க?"

"எறைச்சி முட்டை சாப்பிடாம இருக்கணும், அவ்வளவுதானே? டாக்டர் சொன்னா நாலு பேரு கேலி பண்ணுவான். ஆத்தா சொன்னா நாலு பேரு கும்பிடுவான். எது லாபம்?"

தம்பிகூடத் தலையாட்டினான்.

பிப்ரவரி 3

லயமே தலைகீழ். கொக்கு போய்விட்டது, சின்ன ஆத்தா வந்துவிட்டாள். நான் வைத்த பட்டப்பேர் ஒன்று அழிந்தது இதுதான் முதல் தடவை.

பீலியில் தண்ணீர் பிடிக்க அவளுக்கு முதலில் வழிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டை நாளில் டீச்சரே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறாராம். என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 11

தட்டிக்கொடுத்த கையால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விரதப் பிள்ளைக்குச் சனம் என்ன கொடுக்கும்? பால் கொடுக்கும். தயிர் கொடுக்கும். வெள்ளிக்கிழமை கோயிலில் கடலைச் சுண்டல் இரண்டு கை அள்ளிக் கொடுக்கும். முட்டையை எடுத்த டீச்சர் அதற்குப் பதிலாகப் பால் மா கரைத்துக் கொடுக்கிறாராம், புண்ணியத்துக்கு. இதை நான் யோசிக்கவே இல்லை. சைவம் என்றால் சுத்தம் என்று நினைக்கிற புத்தி. அவளுடைய ரத்தத்துக்குப் பாலும் ஒன்றுதான், பன்றியும் ஒன்றுதான்.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் அத்தை. வெரதத்துல பால் குடிக்காத புள்ள எங்க இருக்குன்னு கேக்குறாங்க. பசிக்குது அத்தை. பூசணிக்கா அலுத்துப்போச்சு."

பூரணி என் முன்னால் வந்து நின்றாள். "உண்மையைச் சொல்லிடுங்க."

"நிச்சயம் முடியட்டும்."

பிப்ரவரி 19

கிளினிக்குக்கு நானும் போனேன். சுதர்ஷினி டாக்டர், சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அறிக்கையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். இறங்கிக்கொண்டிருந்த அளவு ஏறியிருக்கிறது.

"யார் பால் குடுக்குறது?"

ஊர் என்று சொன்னேன். கடவுள் என்று சொல்லியிருந்தாலும் சரிதான்.

"அம்மா, சிரிக்கிற விஷயம் இல்ல இது. இன்னொண்ணும் கேளுங்க. விரதம்னு பட்டினி போட்டுறாதீங்க. பட்டினி கிடந்தா உடம்பு தன்னோட சதையையே எடுத்துத் தின்னும். அதுவும் இறைச்சிதான். தண்ணி குறைஞ்சா ரத்தம் இன்னும் சீக்கிரம் கட்டும். தலைவலி, வாந்தி, கை கால் தூக்க முடியலன்னா உடனே தூக்கிட்டு வாங்க. ஒரு மணித்தியாலம்கூடப் பெரிசு."

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? கலியாணத்துக்கு முன்னாடி அவங்களுக்கும் ஒரு சோதனை செஞ்சு வைக்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல," என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை.

மார்ச் 3

நிச்சயத்துக்கு நாள் பார்த்தாயிற்று. திருவிழா முடிந்த மறுவாரம். சம்பந்தியம்மா ஒரே ஒரு ஆசைப்பட்டார், சின்ன ஆத்தாவின் பால்குடத்துக்குப் பால் தன் கையால் ஊற்ற வேண்டும்.

ராத்திரி பூரணியோடு சண்டை. அதை இங்கே எழுத எனக்கே வெட்கம்.

"ஒங்க மக கழுத்துல தாலி ஏறணும்னு எம் மக கழுத்தை நீட்டச் சொல்றீங்க."

"பால்குடம்தானடி தூக்கப் போறா, பாறாங்கல்லா?"

"எதுல சின்னம்மா ஒங்களுக்கு வெளாட்டு இல்ல?"

தம்பி நடுவில் வந்தான், குடத்தை மட்டும் தூக்கட்டும், பட்டினி வேண்டாம், வீட்டிலிருந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், காலையில் போய்க் காப்புக் கட்டிக்கொள்ளட்டும் என்று. சரி என்றோம். மூன்று பேருமே சரி என்றோம், பூரணி கடைசியாக.

மார்ச் 14

சுலக்ஷனா கேட்டாள், "அம்மா, எனக்கும் அந்தச் சோதனை எடுக்கணுமா?" கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு என்றால் யாருக்குத் தெரியப்போகிறது.

மார்ச் 23

சம்பந்தியம்மா ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார், பால் கேனோடு. "காலையில காப்பு கட்டுறதா? இன்னைக்கே கட்டிக் கோயில்ல தங்கணும், அதுதானே மொறை," என்று நிலக்ஷியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காப்புக் கட்டினால் வீட்டுக்கு வரக்கூடாது. தம்பிக்கு ஸ்டோரில் இன்றிரவும் நாளைப் பகலும் சேர்த்து வேலை. பூரணிக்கு இன்றைக்கென்று பார்த்து வீட்டுக்கு விலக்கு, கோயில் பக்கமே போக முடியாது.

சோறும் உருளைக்கிழங்கும் வாழையிலையில் கட்டிப் பையில் வைத்து என் கையில் கொடுத்தாள். "ஒளிச்சாவது ஊட்டிருங்க சின்னம்மா. தண்ணி நெறையக் குடுங்க." கையை விடவில்லை. "சின்னம்மா."

"சரிடி. நான் என்ன எதிரியா?"

கோயில் மடுவத்துக் கொட்டகையில் பால்குடக்காரப் பெண்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நிலக்ஷிக்கு இந்தப் பக்கம் சம்பந்தியம்மா. அந்தப் பக்கம் நான். பை என் மடியில். சோறு இன்னும் சூடாக இருந்தது, புடவை வழியாகத் தொடையில் சுட்டது.

நிலக்ஷி பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா எழுந்து போகட்டும் என்று இருந்தேன். அந்த அம்மா எழும்பவே இல்லை. பஜனை பாடினார். நான் நடுவில் இரண்டு பகிடிகூட விட்டேன், எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வாய்ச் சோறு. வெளியே கூட்டிப்போய் ஊட்ட ஒரு சாக்குச் சொல்லத் தெரியாதா எனக்கு? பொய்க்குப் பஞ்சமா என்னிடம்? இன்றைக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

மார்ச் 24

பதினொரு மணி வெயிலில் ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறியது. மலையில் வெயில் அடிக்காது என்று யார் சொன்னது. மஞ்சள் பாவாடை, தலையில் குடம், கண்ணாடி வியர்வையில் மூக்கு வரை வழுகிவிட்டது. தண்ணீர் கொடுக்க நான் பக்கத்தில் போனேன். "அபிஷேகம் முடியுற வரைக்கும் பச்சத் தண்ணி வேணாங்க," என்றார் சம்பந்தியம்மா. செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அபிஷேகம் முடிந்தது. குடத்தில் மிஞ்சிய பாலைத் தன் கையாலேயே ஒரு டம்ளர் புகட்டினார். பசியில் மூச்சு விடாமல் குடித்தாள்.

மூன்று மணிக்குத் தலை வலிக்கிறது என்றாள். வாந்தி. அப்புறம் கண் ஒரு பக்கமாகப் போனது, வாய் கோணியது, என்னமோ சொன்னாள், சொல்லாக வரவில்லை.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

உடுக்கை. வேப்பிலை. குலவை. சனம் முழுக்க அவள் காலில். வீரய்யாப் பூசாரி திருநீறை முகத்தில் அடித்து, "யாரு வந்திருக்கது, சொல்லு தாயி!" என்கிறார். அவள் வலது கை கயிறு அறுந்த மாதிரி தொங்குகிறது. தூக்கப் பார்க்கிறாள், வரவில்லை. சம்பந்தியம்மா முட்டி போட்டுக் கேட்கிறார்: "ஆத்தா, எம் மகன் கல்யாணம் நல்லபடியா நடக்குமா?"

எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன மூன்று அறிகுறியும் வரிசையாக வந்தன. நான் நின்றேன். இந்த வாய், இந்த நாசமாய்ப் போன வாய், செத்த வீட்டிலும் மூடாத வாய்.

எவ்வளவு நேரம் என்று எழுதமாட்டேன்.

குலவைச் சத்தம் கேட்டுப் பூரணி ஓடிவந்தாள். தலைவிரி கோலம், செருப்பில்லை, நேராகக் கோயிலுக்குள். "ஆத்தா இல்லய்யா அது! சீக்கு! எங்க ரத்தத்துல உள்ள சீக்கு! விடுங்கய்யா எம் புள்ளைய!" பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். அவளைவிட உயரமான பிள்ளை, கால் இரண்டும் தரையில் இழுபட.

மார்ச் 25

மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது. உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 6

வலது கை வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி. தம்பி எனக்குப் போன் பண்ணுவதில்லை, நல்லமுத்துவிடம்தான் சொல்கிறான்.

நிச்சயம் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அந்தச் சேதி காதில் விழுந்தால் அது எனக்குத் தண்டனை, அது எனக்கு வேண்டியிருந்தது. சம்பந்தியம்மாவே போன் பண்ணினார்.

"மனசை விட்டுறாதீங்க சம்பந்தி. அந்தப் பொண்ணு தீட்டோட கோயிலுக்குள்ள வந்து, எறங்கின ஆத்தாளையே சீக்குன்னு சொல்லிருச்சே. அந்தக் கோவத்துலதான் தாயி புள்ளையோட கையை எடுத்துக்கிட்டா. நாம பரிகாரம் செஞ்சுட்டு நிச்சயத்தை வச்சுருவோம்."

சரிங்க என்றேன்.

ஏப்ரல் 20

லயத்தில் பூரணியோடு ஒருவரும் பேசுவதில்லை. பீலியில் அவள் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். பெற்ற பிள்ளையின் கையைத் தின்றவள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பேரை நான் வைக்கவில்லை. இதை எழுதிக்கொள்ள ஒரு அற்ப சந்தோஷம் வருகிறதே, என்ன பிறவி நான்?

மே 4

இன்றைக்குக் கடையில் சொல்லிவிட்டேன். காலைக் கூட்டம், நல்ல நெரிசல். ரொட்டிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்: விரதமே பொய், நான் கட்டிவிட்ட கதை. பிள்ளைக்கு இருப்பது பிறவிக் குறை, எங்கள் குடும்பத்து ரத்தத்தில் வருவது. பால்தான் அவளைக் கெடுத்தது. சோற்றுப் பை என் மடியில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. பூரணி மேல் ஒரு குற்றமும் இல்லை.

பஸ் டிரைவர் வினோஜன்தான் முதலில் சிரித்தான்.

"பாலு குடிச்சுக் கை வெளங்காம போச்சாமே! ரேடியோக்கா, இன்னைக்கு ஸ்டேசன் மாத்தி புடிச்சிட்டீங்க!"

கடை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தனுக்குப் புரையேறிவிட்டது. "சத்தியமாடா, எம் மக மேல சத்தியம்," என்றேன். இன்னும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக் கணேசமூர்த்தி மாஸ்டர் மட்டும் முதுகில் தட்டி, "தம்பி பொண்டாட்டி கெட்டபேரைத் தம்மேல போட்டுக்கிறீங்களே, பெரிய மனசுங்க ஒங்களுக்கு," என்றார்.

நல்லமுத்து கல்லில் ரொட்டியைக் கருகவிட்டுக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை. அவர் ஒருத்தர்தான் நம்பினார். அதற்குப் பிறகு என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை, தானே ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 9

சுலக்ஷனா கல்யாணம் முடிந்தது. சாப்பாடு நன்றாயிருந்ததாம்.

ஜூன் 30

தம்பி டயகமப் பக்கம் ஒரு ஸ்டோருக்கு மாறிப் போய்விட்டான். சாமான் ஏற்றும்போது லயத்தில் ஒருவரும் கைகொடுக்கவில்லை. நான் போனேன். "வேணாம்கா," என்றான். அவ்வளவுதான்.

ஜூலை 21

டயகமவுக்குப் பஸ் பிடித்துப் போனேன். சட்டியில் போஞ்சி, கரட், உருளைக்கிழங்கு. பருப்பில்லை, பாலில்லை, தேங்காய் எண்ணெயில் வதக்கியது.

பூரணி வாசலிலேயே நிறுத்தினாள். சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கீங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லடி."

சட்டியைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கவிழ்த்தாள். கோபமாக இல்லை, வாசல் தெளிக்கிற மாதிரி. பிறகு, கேட்காமலேயே சொன்னாள். ரத்தம் நன்றாக இறங்கிவிட்டதாம். டாக்டருக்கு ரொம்பத் திருப்தியாம். இங்கே யாரும் அவர்களை அறியமாட்டார்கள், யாரும் ஒன்றும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

உள்ளே நிலக்ஷி இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். இன்னும் வளர்ந்திருக்கிறாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று உள்ளே எட்டி, "அடியேய்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். நான் எதையோ ஊட்ட வந்த மாதிரி அந்தக் கையால் வாயை மூடிக்கொண்டாள், அழுத்தி, நான் படியிறங்கும் வரைக்கும்.